அந்தக் காலத்து இரும்பும் இந்தக் காலத்துத் தகரமும்

முந்தல் சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் கடந்த மாதம் ஒரு வாக்குவாதம் நடந்தது. எமது கருவாட்டு வியாபாரி ஒருவர் அண்மையில் வாங்கிய ஜப்பான் காரைப் பின்னால் எடுக்கும்போது தென்னங்குற்றி ஒன்றில் இடித்துவிட்டார். குற்றிக்கு ஒரு கீறலும் இல்லை. காரின் பின் பம்பர் உடைந்து, டிக்கிக் கதவும் உள்ளே போய்விட்டது. கராஜில் கேட்ட தொகையைச் சொல்லி அவர் புலம்பிக்கொண்டிருக்க, மூலையில் இருந்த எண்பது வயது ஹாஜியார் ஒருவர் சிரித்தார்.

"தம்பி, நீங்க காசு கொடுத்து வாங்கினது தகரம். எங்கட வாப்பா வெச்சிருந்தது அமெரிக்காக் கார். அது இடிச்சிருந்தா தென்னங்குற்றிதான் பிடுங்கிக்கிட்டுப் போயிருக்கும்."

கடையில் இருந்த அனைவரும் ஹாஜியாரின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பழைய வாகனம் என்றால் இரும்பு, புதிய வாகனம் என்றால் தகரம், கம்பனிக்காரன் காசு மிச்சம் பிடிக்க மெல்லிய தகட்டைப் போட்டு எம்மை ஏமாற்றுகிறான் என்பதே அங்கே எட்டப்பட்ட முடிவு. இது முந்தலில் மட்டும் பேசப்படும் கதையல்ல. புத்தளத்திலும் சிலாபத்திலும் கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவிலும் இதே கதைதான். இந்த நம்பிக்கை சரியா, பிழையா என்பது வெறும் தேநீர்க் கடைப் பேச்சு என்றால் விட்டுவிடலாம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் நள்ளிரவில் இறாலும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புப் பாதையில் ஓடுகின்ற எமது வியாபாரிகளின் உயிரும் முதலும் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே இதனைச் சற்று நிதானமாகக் கணக்குப் பார்ப்பது நல்லது.

ஹாஜியாரின் பக்கத்து நியாயம்

முதலில் ஹாஜியாருக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். எமது நாட்டில் ஒரு காலத்தில் அதிகமாக ஓடியவை ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன் போன்ற பிரித்தானியக் கார்கள். அமெரிக்கக் கார் வைத்திருப்பது வசதி படைத்தவர்களின் அடையாளம். அந்த ஊர்க் கார்கள் உடம்பிலும் பெரியவை. 1959ஆம் ஆண்டு ஷெவர்லே பெல் எயார் ஐந்து மீற்றருக்கும் அதிக நீளமானது. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் 3.9 லீற்றர் கொள்ளளவு கொண்டது. பின்னால் மீனின் செட்டை போல இரண்டு பக்கமும் விரிந்த தகடு. பார்ப்பவர் நின்று பார்க்கும் வாகனம் அது.

இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டு இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதிய கார் என்பது சாதாரண வியாபாரிக்கு எட்டாக்கனி. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டினோம். பழைய காரும் அதற்கு இடம் கொடுத்தது. போனட்டைத் திறந்தால் எஞ்சின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும், கை நுழையும். ஸ்பானர் ஒன்றும் கொஞ்சம் மூளையும் இருந்தால் கராஜ் பாஸ் எந்த உதிரிப்பாகத்தையும் கடைந்து எடுத்துப் போட்டுவிடுவார். இருபது, முப்பது வருடங்கள் ஒரே வாகனத்தை ஓட்டிய தலைமுறைக்கு அந்த வாகனத்தின் மீது மரியாதை இருப்பதில் வியப்பில்லை. நீடித்து உழைப்பதும் எளிதில் திருத்தக்கூடியதாக இருப்பதும் உண்மையான நற்குணங்கள். இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் "நீடித்து உழைக்கும்" என்பதும் "உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும்" என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டதில்தான் எமது கணக்குப் பிழைக்கிறது.

காசு கொடுப்பவன் செய்த பரிசோதனை

ஹாஜியாரின் கேள்வியையே அமெரிக்காவில் சிலர் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். சோதித்தவர்கள் கார் கம்பனிக்காரர்களோ கார் விற்பவர்களோ அல்லர். காப்புறுதிக் கம்பனிகள் பணம் போட்டு நடத்துகின்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் அது. வியாபாரிகளாகிய எமக்கு இது முக்கியம். விபத்து நடந்தால் காசு எண்ணிக் கொடுக்க வேண்டியவன் காப்புறுதிக்காரன். எந்தக் காரில் ஆள் சாகிறான், எதில் பிழைக்கிறான் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வதில் அவனுக்கு இலாப நட்டம் இருக்கிறது. அப்படிப்பட்டவன் சொல்லும் கணக்கில் பொய் கலப்பதற்குக் காரணம் குறைவு.

அந்த நிறுவனம் 1959இல் தொடங்கப்பட்டது. 2009இல் ஐம்பது ஆண்டுகள் பூர்த்தியானபோது, தாம் தொடங்கிய வருடத்துக் கார் ஒன்றையும் அன்றைய புதிய கார் ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். ஒருபக்கம் 1959 ஷெவர்லே பெல் எயார். மறுபக்கம் 2009 ஷெவர்லே மலிபு, அதாவது சாதாரணக் குடும்ப செடான். இரண்டும் ஒரே கம்பனியின் தயாரிப்பு. எடையிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, ஓட்டுநர் பக்க முன்பாதியில் மோதிக்கொண்டன. முந்திச் செல்லப் போய் எதிரே வரும் வாகனத்துடன் மோதுவது போன்ற மோதல் அது. புத்தளம் வீதியில் நாம் அடிக்கடி பார்ப்பதும் இதைத்தான்.

முடிவு என்ன? பெரிய இரும்புக் கார் புதிய காரை நசுக்கித் தள்ளியிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. பெல் எயாரின் முன்பக்கம் அப்படியே ஓட்டுநர் இருக்கும் இடத்துக்குள் புகுந்தது. கதவுத் தூண் பின்னால் வளைந்தது, ஸ்டியரிங் பின்னோக்கி வந்து ஓட்டுநர் பொம்மையின் நெஞ்சில் இடித்தது, கூரை மடிந்தது. உயிருள்ள மனிதன் அங்கே இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்பது நிறுவனத்தின் முடிவு. மலிபுவின் முன்பக்கமும் கசங்கிப்போனது. ஆனால் ஓட்டுநர் இருந்த அறை உருக்குலையவில்லை. பொம்மையின் அளவீடுகளின்படி காலில் காயம் ஏற்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பரிசோதனையின் காணொளியைப் பார்த்துப் பழைய கார்ப் பிரியர்கள் பலர் கோபப்பட்டார்கள். எஞ்சினைக் கழற்றிவிட்டு மோதவிட்டார்கள், கறள் பிடித்த காரைக் கொண்டுவந்தார்கள் என்றெல்லாம் குற்றம் சொன்னார்கள். காரில் எஞ்சின் இருந்தது என்று நிறுவனம் பதில் கூறியது. அந்த மொடலின் அடிச்சட்டம் எக்ஸ் எழுத்து வடிவில் இருந்ததால் பக்கவாட்டில் பலம் குறைவு என்ற வாதமும் வந்தது. அது உண்மைதான். ஆனால் அப்படி ஒரு சட்டத்தோடுதான் அந்தக் கார் விற்கப்பட்டது, மக்கள் அதில்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பெட்டி நசுங்கினால் சாமான் தப்பும்

இது ஏன் இப்படி நடந்தது? இதனை விளங்கிக்கொள்ள எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை. பொதி கட்டத் தெரிந்த வியாபாரிக்கு இது ஏற்கனவே தெரியும்.

கண்ணாடிப் போத்தலை வெறும் இரும்புப் பெட்டியில் போட்டு லொறியில் ஏற்றுவோமா? மாட்டோம். அட்டைப் பெட்டியில் வைக்கோலோ கடதாசியோ திணித்து வைக்கிறோம். பெட்டி கீழே விழுந்தால் அட்டை நசுங்கும், வைக்கோல் அமுங்கும், போத்தல் தப்பும். இரும்புப் பெட்டி விழுந்தால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. திறந்து பார்த்தால் உள்ளே கண்ணாடித் தூள்தான் இருக்கும். அடியின் வேகத்தை யாராவது ஒருவர் வாங்கியே ஆக வேண்டும். பெட்டி வாங்க மறுத்தால் சாமான் வாங்கும்.

காரும் அப்படித்தான். மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் 16 மீற்றர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். நன்றாக வளர்ந்த தென்னையின் வட்டிலிருந்து விழுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீற்றர் வேகம் என்றால் அந்த உயரம் 25 மீற்றராகிவிடும். அந்த அடி ஒரேயடியாக உடம்பில் இறங்கினால் எவரும் பிழைக்க முடியாது. காரின் முன்பகுதி அரை மீற்றர், முக்கால் மீற்றர் அளவுக்கு ஒழுங்காகக் கசங்கிக் கொடுத்தால், உள்ளே இருப்பவர் சற்றுக் கூடிய தூரத்தில் நிறுத்தப்படுகிறார். நிற்கும் தூரம் இரண்டு மடங்கானால் உடம்பில் விழும் விசை பாதியாகிவிடும். ஆகவே புதிய காரில் முன்னும் பின்னும் வேண்டுமென்றே கசங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஆட்கள் இருக்கும் நடு அறை மட்டும் உறுதியான உருக்கினால் கூடுபோல் கட்டப்பட்டிருக்கிறது.

இந்த யோசனையைப் பேலா பாரென்யி என்ற எஞ்சினியர் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பனிக்காகக் கண்டுபிடித்தார். 1952இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1959இல் அந்த முறையில் கட்டப்பட்ட மெர்சிடிஸ் கார் சந்தைக்கு வந்தது. அதே 1959இல் சுவீடனின் வொல்வோ கம்பனியில் வேலை செய்த நில்ஸ் போலின் இன்று நாம் பாவிக்கும் மூன்று முனை ஆசனப்பட்டியைக் கொண்டுவந்தார். வொல்வோ கம்பனி அந்தக் காப்புரிமையைத் தனக்கென்று பூட்டி வைக்காமல் ஏனைய கம்பனிகளும் பாவிக்க விட்டுக்கொடுத்தது. வியாபார உலகில் அரிதாகக் காணக்கூடிய பெருந்தன்மை அது.

அதே வருடம் அமெரிக்காவில் ஷெவர்லே கம்பனி என்ன செய்துகொண்டிருந்தது? 1958, 1959 ஆகிய இரண்டு வருடங்களுக்கும் இரண்டு புதுப்புது உடம்புகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. செட்டை பெரிதானது, நிக்கல் பூச்சு கூடியது. ஆசனப்பட்டி இல்லை. வாங்குபவர்கள் அழகைத்தான் கேட்டார்கள், கம்பனியும் அழகைத்தான் விற்றது. 1965இல் ரால்ப் நாடர் என்ற சட்டத்தரணி அமெரிக்கக் கார்களின் ஆபத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். 1966இல் சட்டம் வந்தது. 1968 முதல் புதிய கார்களில் ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் கழுத்தைப் பிடித்த பிறகுதான் பெரிய கம்பனிகள் வழிக்கு வந்தன என்பது வரலாறு.

பெற்றோலும் கறளும்

உயிர்க் கணக்கு இப்படியென்றால் காசுக் கணக்கு எப்படி? அந்தக் காலத்துப் பெரிய அமெரிக்கக் கார் லீற்றருக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர் ஓடினால் பெரிய விடயம். எமது வியாபாரிகள் விரும்பி வாங்கும் 1500 சிசி ஜப்பான் செடான் அதைவிட இரண்டு மடங்கு தூரம் தாராளமாக ஓடும். ஹைபிரிட் என்றால் இன்னும் அதிகம்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் ஆரம்பத்தில் கிடைத்தது. முந்தலிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். சிக்கனமான செடான் வைத்திருந்தவர் அந்த 20 லீற்றரில் போய்ச் சாமானை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தார். பெல் எயார் போன்ற ஒரு கார் இருந்திருந்தால் போயிருக்கலாம், திரும்பி வந்திருக்க முடியாது. 1973இல் உலக எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்கர்களே தமது பெரிய கார்களை விட்டுச் சிறிய ஜப்பான் கார்களின் பக்கம் திரும்பியதும் இதே காரணத்தினால்தான்.

அடுத்தது கறள். எமது ஊர் ஒருபக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக இருக்கும் ஊர். உப்புக் காற்று இரவு பகலாக வீசுகிறது. போதாததற்கு மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் வடிகிறது. தடித்த இரும்பு என்று நம்பிக்கொண்டிருக்கும் பழைய வாகனத்தின் சேஸியை ஒரு நாள் தூக்கிப் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பொக்கு விழுந்திருக்கும். தடிப்பான இரும்பு உறுதி என்பது கறள் பிடிக்கும் வரைதான்.

பழைய கார்களை ஆசைக்காக வைத்திருப்பவர்களை நாம் குறை கூறவில்லை. அவற்றை ஒழுங்காகப் பேணிக் கண்காட்சிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் எடுத்துச் செல்வது அழகான காரியம். அவற்றுக்கு விலையும் இருக்கிறது. ஆனால் அது சேகரிப்பு, போக்குவரத்து அல்ல. தங்கத்தை வாங்கிப் பெட்டியில் வைப்பவர் அதில் மண்வெட்டி செய்து தோட்டம் கொத்துவதில்லை.

புதியது எல்லாம் நல்லதா?

இதற்காகப் புதிய காரைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் முடியாது. அதில் உள்ள குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது விலை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பாவித்த காரின் விலை வானத்துக்குப் போனது. வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, கார் வாங்குவது முதலீடு என்று பலர் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். அது தடையினால் வந்த விலை, காரினால் வந்த விலையல்ல. இறக்குமதி திறந்த பிறகும் சுங்கத் தீர்வை, கலால் வரி, ஆடம்பர வரி, வற் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. கடையின் கைமுதலை எடுத்து இதில் போட்டுவிட்டு, சாமான் வாங்கக் கடன் தேடுவது புத்திசாலித்தனமல்ல.

இரண்டாவது திருத்த வேலை. பழைய கார் பாஸின் கையில் இருந்தது. புதிய கார் கணினியின் கையில் இருக்கிறது. வெள்ளம் புகுந்தால் பழைய காரைக் கழற்றிக் காயவைத்து ஓட்டலாம். புதிய காரில் மின்னணுப் பெட்டிகளும் ஹைபிரிட் பற்றரியும் நனைந்தால் செலவு இலட்சக்கணக்கில் போகும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளத்தை எமது மாவட்டம் கண்டது. அவ்வாறான வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரும் என்பதை வாங்குபவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. புதிய வாகனம் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களை அதே 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. எமது வீதிகளில் நிறையக் காணப்படும் ஆல்ட்டோ 800உம் அதில் ஒன்று. எயார் பேக் இல்லாத அந்த ஐந்து கார்களுக்கும் பூச்சிய நட்சத்திரம்தான் கிடைத்தது. ஆனால் அவற்றில் ஒன்றான வொக்ஸ்வேகன் போலோவை எயார் பேக்குடன் மீண்டும் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. எனவே வருடத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அது வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நாமே கழற்றி எறியும் பாதுகாப்பு

இங்கேதான் எமது பெரிய தவறு இருக்கிறது. ஐம்பது வருட ஆராய்ச்சியின் பயனை வரி கட்டி இறக்குமதி செய்து, பின்னர் அதை நாமே பயனற்றதாக்கி விடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் நான் ஒரு காரைப் பார்க்கப் போயிருந்தேன். பெயின்ட் அழகு, உள்ளே அழகு, விலையும் சற்றுக் குறைவு. சாவியைத் திருப்பியபோது எயார் பேக் விளக்கு மட்டும் எரியவேயில்லை. என்னுடன் வந்த மெக்கானிக் டாஷ்போர்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். முன்னர் நடந்த விபத்தில் எயார் பேக் வெடித்துவிட்டது, புதியது போடவில்லை, விளக்கின் வயரை வெட்டிவிட்டு மேலே மூடியை ஒட்டிவிட்டார்கள். அந்தக் காரை வேறு யாரோ வாங்கியிருப்பார்கள். தன் முன்னால் இருப்பது வெறும் மூடி என்று தெரியாமல் இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் சிலர் புதிய காரின் முன்னால் தடித்த இரும்புக் குழாயைக் காவலாகப் பூட்டுகிறார்கள். கசங்கிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கசங்காத இரும்பை வைத்தால், நாம் 2009 காரைக் காசு கொடுத்து 1959 காராக மாற்றுகிறோம் என்று அர்த்தம். விபத்துக்குப் பிறகு திருத்தும்போது "நல்லாப் பலமாப் போடுங்க பாஸ்" என்று சொல்லித் தடித்த தகட்டை வெல்டிங் செய்விப்பதும் இதே தவறுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஆசனப்பட்டி. ஓட்டுநரும் முன் ஆசனத்தில் இருப்பவரும் பட்டி அணிய வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். எம்மவர்கள் பலர் பொலிஸைக் கண்டால் இழுத்துப் பிடிக்கிறார்கள், தாண்டியதும் விட்டுவிடுகிறார்கள். சிலர் எச்சரிக்கை மணி தொந்தரவு என்று கொக்கியை மட்டும் மாட்டிவிட்டு அதன் மேல் சாய்ந்து உட்காருகிறார்கள். எயார் பேக் என்பது பட்டிக்குத் துணையாகச் செய்யப்பட்டது. பட்டி இல்லாமல் முன்னால் பாய்ந்து வரும் உடம்பில் அது வெடித்தால் அதுவே காயப்படுத்தும்.

வியாபாரிகளாகிய எமக்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. பின் ஆசனத்தில் படிக்கற்கள், எண்ணெய்த் தகரம், சாமான் பெட்டி என்று ஏற்றுகிறோம். கார் சட்டென்று நின்றால் அவை நிற்காது. பின்னாலிருந்து வரும் ஐந்து கிலோ படிக்கல்லை எந்த எயார் பேக்கும் தடுக்காது. சாமானை டிக்கியில் போடுங்கள், முடியாவிட்டால் கயிற்றால் இறுகக் கட்டுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பாவித்த செடான் வாங்கப் போகும் சகோதரர்கள் பெயின்ட்டையும் ஏசியையும் பார்க்கும் முன்னர் இவற்றைப் பாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் எயார் பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியாவிட்டாலும் பிழை, அணையாவிட்டாலும் பிழை.

ஆசனப்பட்டி ஒவ்வொன்றையும் முழுவதாக வெளியே இழுங்கள். நூல் பிரிந்திருக்கிறதா, அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வாகனம். சட்டென்று இழுத்தால் பட்டி பூட்டிக்கொள்ள வேண்டும்.

போனட்டைத் திறந்து, இரு பக்கமும் முன்னோக்கிச் செல்லும் சட்டங்களில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று உங்களுக்கு நம்பிக்கையான பாஸிடம் காட்டுங்கள். விற்பவரின் பாஸிடம் அல்ல.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாவிட்டாலும் வயது போன டயர் ஆபத்தானது.

இவ்வளவுக்கும் அரை மணித்தியாலம் போதும். ஒரு மூடை கருவாடு வாங்கும்போது கையை விட்டு அடிவரை கிளறிப் பார்க்கிறோம். இலட்சங்கள் கொடுத்து வாங்கும் வாகனத்துக்கு அந்த அரை மணித்தியாலத்தைச் செலவழிக்கக் கூடாதா?

முதலாளிதான் முதல்

பெரிய கம்பனியின் தலைவர் இறந்தால் மறுநாள் இன்னொருவர் நாற்காலியில் உட்காருவார். எமது கடைகளில் அப்படி இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கடன், எந்த வாடி முதலாளிக்கு எவ்வளவு முற்பணம், கொழும்பில் யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்பதெல்லாம் பாதி கொப்பியிலும் மீதி முதலாளியின் தலையிலும் இருக்கிறது. அந்தத் தலை ஸ்டியரிங்கில் மோதிய அன்றே கடையும் மூடப்படுகிறது. வரவேண்டியவர்கள் மௌனமாகிவிடுவார்கள், கொடுக்க வேண்டியவர்கள் மட்டும் வாசலுக்கு வருவார்கள். இத்தகைய குடும்பங்களை எமது ஊர்களில் கண்டிருக்கிறோம். ஆகவே வாகனத்தில் காப்பாற்றப்பட வேண்டிய முதல் சரக்கு ஓட்டுபவர்தான். பம்பரும் போனட்டும் அதற்கான பொதி மாத்திரமே.

அன்று தேநீர்க் கடையில் இதையெல்லாம் ஹாஜியாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மகன், அப்ப எங்கட வாப்பா அந்தக் கார்ல முப்பது வருஷம் ஓடி ஒண்டும் ஆகாமத் தப்பினது எப்படி?" என்று கேட்டார்.

"அந்தக் காலத்துல இந்தப் பாதையில எத்தனை வாகனம் எதிர்ல வரும் ஹாஜியார்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "காலையில ஒரு பஸ். பின்னேரம் ஒண்டு. இடையில ரெண்டு மூணு லொறி. வேகமா ஓட பாதையும் இல்ல" என்றார்.

விடயம் அவ்வளவுதான். அவரின் வாப்பாவைக் காப்பாற்றியது இரும்பு அல்ல, வெறிச்சோடிக் கிடந்த வீதி. இன்று அதே வீதியில் நீண்டதூர பஸ்களும் சீமெந்து லொறிகளும் கொள்கலன் வாகனங்களும் இரவு முழுவதும் ஓடுகின்றன. அந்த வீதி இனித் திரும்பி வராது. அந்த இரும்பை நம்பி இந்த வீதியில் இறங்கவும் முடியாது.

கருவாட்டு வியாபாரி பம்பரை மாற்றிவிட்டார். செலவு அவருக்கு வலித்ததுதான். இருந்தாலும் அது பெட்டிக்கான செலவு. இன்றிரவு சரக்கோடு கொழும்புக்குப் புறப்படவிருக்கும் சகோதரர்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்னர் ஆசனப்பட்டியை ஒருமுறை இழுத்துக் கொக்கியில் மாட்டிக்கொள்ளுங்கள். அதற்கு வரியும் இல்லை, லீசிங்கும் இல்லை.